பெட்ஸி சொல்லாத பெயர்

1

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் என்னைத் தனலட்சுமி என்று கூப்பிட ஆளில்லை. "பெருமாள், மூணாம் நம்பர் ரூமில் ரத்தம் எடுக்கணும்", "பெருமாள், இன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று நாள் முழுக்க என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னை ஏவுகிறார்கள். பாப்பாரப்பட்டிப் பக்கம் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, தட்டி, கொட்டை நீக்கி விற்றுப் பிழைத்த மனிதர் அவர். தர்மபுரியைத் தாண்டி அதிகம் போனதில்லை. இன்று அமெரிக்காவின் நட்ட நடுவில், ஓக்லஹோமா மாநிலத்தின் தெற்கே ஒரு சின்ன ஊரில், முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அவர் பெயரைக் கூவிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது யாராவது கூப்பிட்டால் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

எல்லாம் பாஸ்போர்ட் செய்த வேலை. நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். இங்கே கடைசிப் பெயர் என்று ஒன்று இல்லாமல் வீட்டுக்குத் தண்ணீர் இணைப்புக்கூடக் கொடுக்க மாட்டார்கள். அதனால் நான் தனலட்சுமி பெருமாள். என் கணவர் செந்தில் மாதையன், அது என் மாமனார் பெயர். மகள் கயல் செந்தில். ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேர், மூன்று கடைசிப் பெயர். கயலைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த அம்மாள் எங்கள் தாள்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க மூணு பேரும் ஒரே குடும்பம்தானா?" என்று கேட்டாள். செந்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். அவருக்கே அந்தக் கணக்கை விளக்க அரை மணி நேரம் ஆனது.

இந்தக் கதையைப் பக்கத்து வீட்டு லோரீன் அக்காவிடம் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுபதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர், எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தனியாக இருப்பவர். நேரில் நானும் ஊர் வழக்கப்படி "லோரீன்" என்றுதான் கூப்பிடுகிறேன். ஒருநாள் போனில் அதைக் கேட்ட அம்மா, "வயசுல மூத்தவங்கள இப்புடித்தான் பேரு சொல்லிக் கூப்புடுவியா?" என்று பிடித்த பிடியில், தமிழில் பேசும்போதாவது அக்கா சேர்த்துக்கொள்கிறேன்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்த முதல் வசந்தத்தில் ஒரு மாலை சங்கு ஊதியது. ஏதோ ஆலையில் வேலை முடிகிறது என்று நினைத்தோம். செந்தில் வானத்தின் நிறம் நன்றாக இருக்கிறதென்று போட்டோ எடுக்க வாசலுக்குப் போனார். லோரீன் அக்கா ஓடி வந்து, அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, எங்கள் மூவரையும் தன் வீட்டுப் பின்புறம் மண்ணுக்கடியில் இருந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். மேலே சூறாவளி போய்க்கொண்டிருந்தது. உள்ளே அவர் எங்களுக்கு பிஸ்கட் கொடுத்தார். வெளியே வந்தபோது எங்கள் கார் கொட்டகையின் கூரை இல்லை. அன்றிலிருந்து அந்த மனுஷி எது கேட்டாலும் நான் மறுப்பதில்லை.

2

லோரீன் அக்கா சிக்காசா என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவர். அந்த மக்களின் சொந்த மண் இது இல்லை. கிழக்கே மிசிசிப்பிப் பக்கம் வாழ்ந்தவர்களை, இருநூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்துக்கு முன்னால், அரசாங்கம் நிலத்தைப் பறித்துக்கொண்டு இங்கே அனுப்பியது. வழியில் செத்தவர்கள் போக மிச்சம் இருந்தவர்கள் இங்கே காடு வெட்டி, வீடு கட்டி, புதிதாகத் தொடங்கினார்கள். என்னைப்போல விமானத்தில், விசாவோடு, ஊறுகாய் பாட்டிலைத் துணிக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தவர்கள் இல்லை.

அப்படி வந்த ஒரு சிறுமி பெட்ஸி. வளர்ந்து, தன்னைப்போலவே வந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு, ஓர் ஓடைக்கரையில் முதல் வீட்டைப் போட்டாள். மூத்த மகன் வில்சன். அந்த வில்சனின் பெயர்தான் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கடைசிப் பெயராக ஒட்டிக்கொண்டது. நம் இனிஷியல் மாதிரியேதான். லோரீன் அக்காவுக்கு வில்சன் கொள்ளுத்தாத்தா, பெட்ஸி எள்ளுப்பாட்டி. நம்மிடம் கொள்ளு, எள்ளு என்று தானியத்தில் உறவு சொல்கிறோம் என்று தெரிந்த நாளில் அவர் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

பெட்ஸியின் கணவர் யார்? அங்கேதான் சிக்கல். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அதற்கு ஒரு கதை உண்டு, அந்தக் குடும்பத்தில் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை.

பெட்ஸி கிழவியான காலத்தில், எல்லோருக்கும் பொதுவாக இருந்த நிலத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்க அரசாங்கம் முடிவு செய்தது. அதிகாரி கூடாரம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். ஒவ்வொருவராக வந்து தான் யார், யாருடைய மகள், யாருடைய மனைவி என்று சொல்ல வேண்டும். பெட்ஸியிடம் கணவன் பெயரைக் கேட்டார்கள். அவள் கையால் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி கேட்டார்கள். வாயில் வைத்த கையை எடுக்காமல், இன்னொரு கையால் பின்னால் நின்ற மகன் வில்சனைச் சுட்டிக் காட்டினாள். அவ்வளவுதான். சின்ன வயதிலேயே அப்பா இல்லாமல் வளர்ந்த வில்சனுக்கும் அந்தப் பெயர் தெரியாது. அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. "இவளுக்குத் தெரியாது" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கூட்டத்தில் நின்றவர்கள் அதை ஊருக்குக் கொண்டுபோனார்கள். புருஷன் பெயரே தெரியாத கிழவி என்று பேராகிவிட்டது. ஓடிப்போனவன் என்றார்கள் சிலர், ஒருவனா இருவனா என்றார்கள் வாய் கூசாத சிலர். லோரீன் அக்காவின் தம்பி டேல் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் இதற்காகவே சண்டை போட்டு மூக்கு உடைந்தவர். இப்போது அவருக்கு மாட்டுப் பண்ணை இருக்கிறது, நாலு பேர் மதிக்கிறார்கள். ஆனால் பெட்ஸி என்ற பெயரை எடுத்தால் முகம் மாறும்.

பெட்ஸியின் சமாதி டேலின் மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில், அந்தப் பழைய ஓடைக்கரையில் இருக்கிறது. தேவாலயத்து இடுகாட்டில் இடம் இருந்தும், தன்னை அங்கேதான் புதைக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டுச் செத்தாளாம். பக்கத்தில், அவள் சாவதற்கு முன்பே அங்கே இருந்த, பெயரில்லாத ஒரு கற்குவியல். போன வருஷம் குடும்பத்தார் எல்லோரும் கூடி, பெட்ஸிக்கு ஒரு கருங்கல் நடுகல் வைப்பதென்று முடிவு செய்தார்கள். கல்லில் என்ன எழுதுவது என்பதில் அக்காவும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லாமல் போகும் அளவுக்கு வந்துவிட்டது.

"வந்தது ரெண்டு பேர், வீடு கட்டினது ரெண்டு பேர். கல்லும் ரெண்டு பேருக்குத்தான்" என்பது லோரீன் அக்கா.

"அந்தாளுக்கு என்ன பேர் போடுவே? 'தெரியாதவர்' என்றா? ஊர் பேசின பேச்சைக் கல்லிலேயும் வெட்டி வைக்கணுமா?" என்பது டேல்.

அந்தப் பெயரைத் தேடி அக்கா போகாத இடமில்லை. நீதிமன்றம், பழைய தேவாலயம், ஆவணக் காப்பகம். என் விடுமுறை நாட்களில் நான்தான் கார் ஓட்டிக்கொண்டு போனேன். ஓர் இடத்திலும் அந்த மனிதர் இல்லை. கல் செதுக்குபவர் வாசகத்தை அனுப்பச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார். பெட்ஸி தனியாகத்தான் நிற்கப்போகிறாள் என்று எனக்கே தோன்றிவிட்டது. பாவம், யாரோ கைவிட்டுப் போனவன் போலிருக்கிறது என்று நானும் இரக்கப்பட்டேன்.

3

அப்பாவின் நினைவு நாள் இந்த முறை ஒரு சனிக்கிழமையில் வந்தது. டல்லாஸ் கடையில் வாங்கிய கேழ்வரகு மாவில் களி கிண்டினேன். கோழிக்குழம்பு வைத்தேன். படத்துக்கு முன்னால் புது வேட்டி வைத்து, இலையில் படைத்து, கொஞ்சம் எடுத்துக் கொல்லையில் வைத்துவிட்டு காக்காவைக் கூப்பிட்டேன். காக்கா வரவில்லை. என் சத்தத்தைக் கேட்டு லோரீன் அக்கா வந்தார்.

உட்காரவைத்துத் தட்டில் களி வைத்தேன். களியை மெல்லக்கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று கயல் ஆங்கிலத்தில் பாடம் எடுத்தாள். என் மகள் தமிழில் பேசி நாளாகிறது. கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். பள்ளியில் சிக்காசா மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். லோரீன் அக்காவுக்கு "யாக்கோக்கே" என்று நன்றி சொல்லத் தெரிகிறது, சொந்த ஆயாவிடம், என் அம்மாவிடம், "சாப்புட்டீங்களா" என்று கேட்க நாக்கு புரள மாட்டேன் என்கிறது. இதை நினைத்தால் ஒரு நேரம் ஆத்திரம் வரும், ஒரு நேரம் ஏதோ ஒரு பழைய மொழியையாவது படிக்கிறாளே என்று இருக்கும்.

எங்களுக்குக் காலை, பாப்பாரப்பட்டியில் விளக்கு வைக்கும் நேரம். வீடியோவில் அம்மாவும் அண்ணன் குமாரும் வந்தார்கள். போனை மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்தேன். அங்கேயும் படையல் முடிந்திருந்தது. அம்மா எப்போதும்போல என் முகத்தை விட்டுவிட்டு, பின்னால் அடுப்பு மேடை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அந்தம்மாவுக்குக் கறி போட்டியா? வெறுங் கொழம்ப ஊத்திப் புடாத" என்றாள்.

லோரீன் அக்கா திரைக்கு முன்னால் குனிந்து வணக்கம் சொன்னார். என் அப்பாவின் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். ஊரே அந்தப் பெயரால்தானே என்னைக் கூப்பிடுகிறது. ஆனாலும் கணவரை இழந்த என் அம்மாவின் வாயால் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவதுதான் மரியாதை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. "இந்தச் சாப்பாடு யார் நினைவுக்கு? அவர் பெயரை உன் அம்மாவையே சொல்லச் சொல்" என்றார். நான் அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள். முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். இன்னொரு கையை நீட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனைக் காட்டினாள். "இவன் அப்பனுக்குத்தாங்க. கொமாரு அப்பா" என்றாள்.

லோரீன் அக்காவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அவங்க என்ன பண்ணினாங்க?"

"பெயரைச் சொல்ல மாட்டாங்க."

"ஏன், மறந்துட்டாங்களா?"

"மறக்கிறதா! நாற்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தினவங்க. புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால சொல்றது எங்க பக்கம் வழக்கம் இல்லை. அது ஒரு மரியாதை."

"அந்தக் கை... அந்தக் கையை மறுபடி காட்டச் சொல்லு."

நான் சொல்ல, அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி முந்தானையால் வாயை மூடினாள். மறுபடி அண்ணனைக் காட்டினாள். லோரீன் அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். அடக்கிக்கொண்டு அழுகிற அழுகை இல்லை, குழந்தை மாதிரி உடம்பு குலுங்க அழுதார். "எங்க வீட்டில தலைமுறை தலைமுறையா அந்தக் கையைப் பத்தித்தான் பேசறோம் பெருமாள்" என்றார்.

அம்மா பதறிவிட்டாள். "ஏங்கண்ணு அழுவுறாங்க? களி தொண்டையில சிக்கிக்கிச்சா? ஒரு சொம்பு தண்ணி குடு மொதல்ல!"

நான் தண்ணீரும் கொடுத்து, பெட்ஸியின் கதையையும் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா முழுசாகக் கேட்டாள். பிறகு கோபம் வந்துவிட்டது.

"பேரு சொல்லலீன்னா புருசனே இல்லைன்னு ஆயிடுமா? நல்லா இருக்குதே நாயம்! பெத்த புள்ளய முன்னால நிறுத்திக் காட்டியிருக்கறா, அதுக்கு மேல என்னாத்த சொல்லுவா?"

4

எங்கள் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை விரதம் உண்டு. ஆனால் பெருமாள் கோயில் என்று அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. "நாமக்காரர் கோயிலு" என்பாள். சாமிக்கும் புருஷனுக்கும் ஒரே பெயர் ஆகிவிட்டதில் அவளுக்கு இரட்டைச் சிரமம்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ரேஷன் கார்டில் பெயர் திருத்த அம்மாவோடு வரிசையில் நின்றது ஞாபகம் வருகிறது. அப்பா வெளியூரில் மரம் உலுக்கப் போயிருந்தார். எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல் "வூட்டுக்காரர் பேரு?" என்றார்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நாமம் போட்ட சாமிங்க" என்றாள்.

"கோவிந்தனா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"வெங்கடேசனா? நாராயணனா? ரங்கனா? யம்மா, அந்தச் சாமிக்கு ஆயிரம் பேரு இருக்குது, நான் எத்தனைன்னு கேக்கறது?"

வரிசையே சிரித்தது. பின்னால் நின்ற ஒருவர், "பெருமாளுங்க! புளி யேவாரம் பண்றாரே, அவுருதாங்க" என்று குரல் கொடுத்தார். அம்மா, "ஆமாங்க, அதாங்க" என்று பெருமூச்சு விட்டாள். வேலை முடிந்தது. அன்றைக்கு எனக்கு அவமானமாக இருந்தது. அம்மாவின் பக்கத்தில் நிற்காமல் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

பெட்ஸிக்குப் பின்னால் அப்படிக் குரல் கொடுக்க ஓர் ஆள் இல்லை. அவள் கணவரை அறிந்தவர்கள் எல்லோரும் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஒரு குரல் இல்லாததால் ஒரு குடும்பம் தலைகுனிந்து நடந்தது.

எனக்குத் தாங்காத விஷயம் வேறு. பெட்ஸியின் கதையை லோரீன் அக்கா வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வாயை மூடிய கை, பிள்ளையைக் காட்டிய கை, எல்லாம் கேட்டிருக்கிறேன். என் அம்மாவை நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் கேட்டால் நான் வேறு ஆளாகிவிடுகிறேன் போலிருக்கிறது. ஆங்கிலத்தில் நான் செந்திலை செந்தில் என்று கூப்பிடுகிறவள், பெயர் சொல்லாத பெண்ணைப் பார்த்தால் ஐயோ பாவம் என்கிறவள். அம்மா திரையில் வந்து முந்தானையைப் பொத்திக் காட்டியிராவிட்டால் இன்னும் பத்து நீதிமன்றங்களுக்குக் கார் ஓட்டியிருப்பேன்.

லோரீன் அக்கா அன்று மதியமே, கயலுக்குச் சிக்காசா மொழி சொல்லிக்கொடுக்கும் வயதான ஆசிரியைக்குப் போன் செய்தார். எல்லா வீடுகளையும் பற்றித் தன்னால் சொல்ல முடியாது என்றாராம் அவர். ஆனால் அவருடைய அப்பாவின் அம்மா கணவர் பெயரைச் சொன்னதே இல்லையாம், பிள்ளையின் பெயரைச் சொல்லி இன்னாருடைய அப்பா என்பாராம். இறந்தவர் பெயரைச் சொல்வதையும் பழைய ஆட்கள் தவிர்ப்பார்களாம். "இதை ஏன் நீங்க முன்னாடியே சொல்லலை?" என்று அக்கா கேட்டிருக்கிறார். "நீ என்கிட்ட பெட்ஸியோட புருஷன் பேரைத்தானே கேட்டே" என்றாராம்.

5

டேல் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சமையலறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அக்கா தம்பி இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"இந்தியாவில உங்கம்மா ஒண்ணு செய்றாங்கன்னா, எங்க பெட்ஸியும் அதுக்காகத்தான் செஞ்சான்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

நியாயமான கேள்வி. உறுதியாகச் சொல்ல முடியாதுதான் என்று ஒப்புக்கொண்டேன். லோரீன் அக்கா என்னை முறைத்தார்.

டேல் தொப்பியை ஒரு சுற்றுச் சுழற்றினார். "உங்கம்மாகிட்ட நான் ஒண்ணு கேட்கலாமா?" என்றார்.

போனைப் போட்டேன். அம்மா முதலில் அவர் என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்தாள். மாடு வளர்க்கிறார் என்றதும், பால் கறக்கும் மாடா, எத்தனை உருப்படி, தீவனத்துக்கு என்ன செய்கிறார் என்று கேள்வி மேல் கேள்வி. டேல் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கும் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகுதான் தன் கேள்வியைக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் வயலோட அந்தக் கோடியில நிக்கிறார்னு வெச்சுக்குங்க. சாப்பாடு ஆறிப்போகுது. நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

"'கொமாரு அப்பாவ்!'னு ஒரு சத்தம் குடுப்பேன். ஏரிக்கு அந்தாண்ட இருந்தாலும் திரும்பிப் பாப்பாரு."

"ஊரில குமார்னு வேற பிள்ளைங்க இல்லையா? அவங்க அப்பாக்கள் திரும்ப மாட்டாங்களா?"

அம்மா சிரித்தாள். "ஏழெட்டுக் கொமாரு இருந்தானுங்க. ஆனா என் கொரலுக்கு அவுரு மட்டுந்தாங்க திரும்புவாரு."

நான் மொழிபெயர்த்தேன். அம்மா விடவில்லை. "அந்தம்மா சாவும்போது, அந்தக் கல்லுக்குப் பக்கத்துலதான் பொதைக்கோணும்னு சொன்னாளாமே. அப்பறம் என்னாத்துக்கு சாமி சந்தேகம்? ஊர்ல எடமா இல்ல அவளுக்கு?"

டேல் அதைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல், தன் அப்பா அந்தக் கற்குவியலின் மேல் மாட்டை ஏறவிட மாட்டார் என்றார். வேலி போடும்போதுகூட அதைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னாராம். ஏன் என்று தான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை என்றார். எழுந்து, போனில் இருந்த அம்மாவுக்குத் தொப்பியை நெஞ்சில் வைத்து வணக்கம் சொன்னார். வாசலில் லோரீன் அக்காவின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் கல் செதுக்குபவரிடம் அவரே நேரில் போனதாக அக்கா சொன்னார். என்ன எழுதச் சொன்னார் என்று அக்காவுக்கும் தெரியவில்லை. கேட்டதற்கு, "வந்து பார்" என்றாராம்.

6

கோடை வெயில் தணிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை, குடும்பத்தார் எல்லோரும் கூடினார்கள். டெக்சாஸிலிருந்து சிலர், கலிபோர்னியாவிலிருந்து சிலர். உடைத்த சோளத்தையும் பன்றிக்கறியையும் பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு விடியலிலிருந்து கிண்டிக்கொண்டிருந்தார்கள். பஷோஃபா என்று பெயர். கயல் துடுப்பை வாங்கிக் கிண்டினாள். களி கிண்டச் சொன்னால் கை வலிக்கிறது என்பவள்.

எங்களை அழைத்ததற்கே நான் நன்றியோடு நின்றேன். இந்த மண்ணில் இவர்கள் எதையெல்லாம் இழந்துவிட்டு நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள், நேற்று வந்த எங்களுக்குச் சூறாவளியில் ஒதுங்க இடம் கொடுத்தார்கள். அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என் அம்மாவின் வெட்கம் இருந்தது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

ஓடைக்கரையில் கல்லை ஒரு பழைய போர்வையால் மூடியிருந்தார்கள். காற்று அதைத் தூக்கிக்கொண்டே இருந்தது, இரண்டு பேர் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குடும்பத்தார் எல்லோரும் பெட்ஸியின் சமாதிப் பக்கமே கூடியிருந்தார்கள். வருஷா வருஷம் போட்டோ எடுப்பது அங்கேதான். பெயரில்லாத கற்குவியல் இருந்த பக்கம் யாரும் இல்லை, புல்தான் இருந்தது.

லோரீன் அக்கா போர்வையை எடுத்தார். ஒரே கல்தான், அகலமானது. இடது பக்கம் பெட்ஸி என்றும் அதன் கீழே வில்சனின் அம்மா என்றும் இருந்தது. வலது பக்கம், அதே அளவு எழுத்தில், வில்சனின் அப்பா. அதற்கு மேல் எதுவும் இல்லை. தெரியாதவர் என்ற சொல் எங்கேயும் இல்லை.

அக்கா கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். டேல் இரண்டு பக்கத்தையும் சத்தமாக வாசித்தார். இரண்டாவதை வாசிக்கும்போது வயலின் மறுகோடிக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

டெக்சாஸிலிருந்து வந்திருந்த ஒரு தங்கை முறைக்காரி கொஞ்சம் வேடிக்கைக்காரி. "எந்த வில்சனுக்கு அப்பா? இங்கே நிக்கிற எல்லாருமே வில்சன்தானே!" என்றாள். கூட்டம் சிரித்தது.

டேல் சிரிக்கவில்லை. அங்கே இருந்தவர்களை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். கைக்குழந்தை, கைத்தடி, சக்கர நாற்காலி, எல்லாம் இருந்தது.

"ஆமாம்" என்றார். "எல்லாருக்கும்தான்."

சிரிப்பு நின்றுவிட்டது. முதலில் டேல்தான் நகர்ந்தார். பெட்ஸியின் பக்கத்திலிருந்து கல்லைச் சுற்றி வந்து, அந்தக் கற்குவியலை மிதிக்காமல் அதன் ஓரத்தில் போய் நின்றார். அவருக்குப் பின்னால் அவர் மகள் வந்தாள். பிறகு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் ஆள் நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் போட்டோ எடுத்தார்கள்.